செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்றொரு முதியோர் பராமரிப்பு இல்லம். 1970களின் நடுவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு மாடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் இருந்தவர்கள் வயதிலும் உடல்நிலையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள். சாப்பாடும் மருத்துவமும் இரு மாடிகளுக்கும் ஒன்றுதான்.

முதல் மாடிக்காரர்களைக் கூட்டி வைத்து நிர்வாகி பேசினார். அறையில் எதை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். குறை இருந்தால் சொல்லி மாற்றவைப்பது உங்கள் பொறுப்பு. அடுத்த வாரம் இரண்டு இரவு சினிமா போடுகிறோம், பார்ப்பதா வேண்டாமா, எந்த இரவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். பிறகு ஒரு பெட்டியில் சிறு செடிகள் வந்தன. வேண்டியவர்கள் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், வளர்ப்பது அவரவர் பாடு. மற்ற மாடியிலும் பேச்சில் அன்புக்குக் குறைவில்லை. உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்றார் நிர்வாகி. அங்கும் ஆளுக்கொரு செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று சொல்லப்பட்டது. சினிமா எந்த இரவு என்பதையும் இல்லமே முடிவு செய்து அறிவித்தது.

மூன்று வாரம் கழித்து அளந்து பார்த்தார்கள். பொறுப்பு கொடுக்கப்பட்ட மாடியில் 93 சதவீதம் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. இன்னொரு மாடியில் 71 சதவீதம் பேர் முன்பைவிடத் தளர்ந்திருந்தார்கள். 18 மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது முதல் மாடியில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 30 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தமே 91 பேர். இறப்பு வேறுபாட்டைச் சோதித்த புள்ளியியல் கணக்கில் ஒரு பிழை இருந்ததைப் பிறகு ஆய்வாளர்களே திருத்தி வெளியிட்டார்கள். திருத்திய கணக்கில் அது முதலில் சொன்ன அளவுக்கு உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் அந்த ஆய்வு எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. தரையின் பளபளப்பும் சமையலின் ருசியும் மருத்துவரின் தகுதியும் ஒன்றாக இருக்கும்போது, ஒரு முதியோர் இல்லத்தை இன்னொன்றைவிட மேலானதாக்குவது எது? அதை அளக்க முடியுமா?

மருத்துவத்தில் தரத்தை அளப்பதற்கு ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தவர் அவேடிஸ் டொனபீடியன். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்மீனிய மருத்துவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரை தரத்தை மூன்று இடங்களில் தேடச் சொன்னது. முதலாவது, என்ன இருக்கிறது: கட்டடம், கருவி, ஆட்கள். இரண்டாவது, என்ன நடக்கிறது: யார், யாருக்கு, எப்போது, எப்படிச் செய்கிறார்கள். மூன்றாவது, என்ன ஆனது: உடலும் மனமும் தேறினவா, தேய்ந்தனவா. விளம்பரக் கையேடு நமக்குக் காட்டுவதெல்லாம் முதலாவதைத்தான். ஆர்டன் ஹவுஸின் இரண்டு மாடிகளையும் அப்படி ஒரு கையேட்டில் படம் பிடித்திருந்தால் எது எந்த மாடி என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முதலாவதை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதைப் பார்க்க நாற்பது வயதுக் கண் போதாது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்கு எட்டும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. மகனுக்கு ‘இதமான வெளிச்சம்’ என்று தோன்றும் நடைபாதை அப்பாவுக்கு அரை இருட்டு. வெளிச்சம் வேண்டுமென்று பளிங்குத் தரையில் விளக்கைக் கொட்டினாலும் வம்புதான். பிரதிபலிக்கும் கூச்சத்தில் படியின் விளிம்பு மறைந்துவிடும். 65 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவராவது ஆண்டுக்கு ஒருமுறை விழுகிறார் என்பதை நினைத்தால், படி விளிம்பில் ஒட்டிய ஒரு மாறுபட்ட நிறப் பட்டை வரவேற்பறையின் தொங்குவிளக்கைவிட மதிப்பு வாய்ந்தது.

நிற வேறுபாட்டின் வலிமையைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டன் ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் அடர் சிவப்புத் தட்டிலும் கோப்பையிலும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த முடிவின்படி, உண்ட உணவு 25 சதவீதமும் குடித்த நீராகாரம் 84 சதவீதமும் கூடியது. சமையல் மாறவில்லை, தட்டிலிருந்து உணவு பிரிந்து தெரிந்தது, அவ்வளவுதான். வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்துவிட்டு, அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வருந்துபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. அதே இட்லி வாழை இலையில் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது!

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கவைத்தார்கள். பிறகு தாராளமாகத் தண்ணீர் கொடுத்தபோது முதியவர்கள் குறைவாகவே குடித்தார்கள். தாகமும் அவ்வளவாக இல்லை என்றார்கள். உடல் வறண்டிருந்தது, மூளை அதைச் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வோர் அறையிலும் குடிநீர்க் குடுவை இருக்கிறது என்பது பாதித் தகவல்தான். மதியம் மூன்று மணிக்கு அது எவ்வளவு காலியாகியிருக்கிறது, குடிக்கச் சொல்லி நினைவூட்டும் ஆள் யார் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. இங்கே நாம் அறியாமலே டொனபீடியனின் முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு, ‘என்ன நடக்கிறது’ என்பதற்கு, வந்துவிட்டோம்.

இந்த இரண்டாவது இடத்தில்தான் வியப்பு காத்திருக்கிறது. கவனிப்பு கூடினால் தரம் கூடும் என்று நினைப்போம். ஜெர்மானிய உளவியலாளர் மார்கரெட் பால்டஸும் அவர் குழுவினரும் முதியோர் இல்லங்களில் பணியாளர்கள் நடந்துகொள்வதை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். ஒரு முதியவர் தன்னால் முடியவில்லை என்று காட்டினால் உடனே ஆள் வருகிறது, பேச்சு வருகிறது, உதவி வருகிறது. தானாகச் சட்டை மாட்டிக்கொண்டாலோ தானாக எடுத்துச் சாப்பிட்டாலோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் பேச்சுத்துணைக்கு ஏங்குகிறவருக்கு இது என்ன கற்றுக்கொடுக்கும்? முடியாதவராக இருந்தால்தான் மனிதர்கள் கிடைப்பார்கள் என்பதைத்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. அன்பே இயலாமையைப் பழக்கிவிடுகிறது.

இதற்கு உடல் ஒத்துழைக்கும் வேகமும் அச்சமூட்டுவது. 2007இல் வெளியான ஒரு சோதனையில், நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நடக்கக்கூடியவரை வீல்சேரில் உட்காரவைத்துச் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தள்ளிப்போகும் இல்லம் அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறது. உண்மையில் சில வாரங்களில் அவருக்கு வீல்சேர் இல்லாமல் முடியாது என்ற நிலையை அதுவே உண்டாக்கிவிடக்கூடும்.

அப்படியானால் உதவியே கூடாதா? பவல் லாட்டன், லூசில் நேஹமோ என்ற இருவர் 1973இல் முன்வைத்த கருத்து இதற்கு விடை தருகிறது. ஒருவருடைய திறனுக்கும் சூழல் அவரிடம் கேட்கும் உழைப்புக்கும் இடையே பொருத்தம் வேண்டும். சூழல் மிக அதிகமாகக் கேட்டால் முதியவர் திணறுவார், விழுவார், ஒதுங்குவார். மிகக் குறைவாகக் கேட்டால் சலிப்படைவார், இருக்கும் திறனும் துருப்பிடிக்கும். அவரால் முடிவதற்குச் சற்று மேலாகக் கேட்கும் சூழலே நல்ல சூழல். சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, சரியான நேரத்தில் கையை விடுகிறோமே, அதைப் போன்ற வித்தை இது. ஒரு வேறுபாடு: இங்கே எப்போது விடுவது என்பதோடு, எப்போது மறுபடி பிடிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரிய, மனிதரைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். 1963இல் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என ஆறு செயல்கள். எதைத் தானே செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். நல்ல இல்லம் சேர்க்கும் அன்றே இதை எழுதி வைத்துக்கொள்ளும், சில மாதங்களுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கும். ‘எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்லும் இல்லத்தைவிட, ‘குளிக்க மட்டும் துணை போதும், சட்டையை அவரே மாட்டிக்கொள்ளட்டும்’ என்று சொல்லும் இல்லம் ஒரு படி மேல்.

ஆனால் சொல்வது எளிது. நடுங்கும் விரல்களோடு ஒருவர் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். பணியாள் போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். ஒரு பணியாளரிடம் காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டி உடுத்திச் சாப்பிட அனுப்பும் பொறுப்பு இருந்தால், ஆளுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அங்கே எவ்வளவு நல்ல மனமுள்ளவராலும் முதியவரைத் தானாகப் பொத்தான் போடவிட முடியாது. மனிதரின் சுயேச்சை என்கிற பெரிய விஷயம் கடைசியில் ஆள் எண்ணிக்கை என்கிற சின்னக் கணக்கில் வந்து நிற்கிறது. அதனால்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் எண்களில் இரண்டு, பணியாளர் எண்ணிக்கையும் அவர்கள் வேலையைவிட்டுப் போகும் வேகமும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயாக்கள் மாறும் இடத்தில், இந்தத் தாத்தாவுக்கு இடது காது கேட்காது, இந்தப் பாட்டி மாத்திரையை நாக்கடியில் ஒளிப்பார் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க வேண்டிய பாடமாகிவிடுகிறது.

மூன்றாவது இடம், ‘என்ன ஆனது’ என்பது. இங்கே பொய் சொல்லாத சாட்சி ஒன்று உண்டு: படுக்கைப்புண். எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகியவற்றில், படுத்த உடலின் எடை தோலின் நுண்குழாய்களை அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. நமக்கு உடனே மரத்துப்போகும், தூக்கத்திலேயே புரண்டு படுத்துக்கொள்வோம். புரள முடியாதவருக்கு, ஆக்சிஜன் கிடைக்காத திசு சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். அவரை நேரம் தவறாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பெரும்பாலான புண்களைத் தவிர்க்கலாம். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ஆள் வந்ததா என்பதை எந்தப் பதிவேட்டைவிடவும் நேர்மையாகத் தோல் சொல்லிவிடும்.

இத்தகைய விளைவுகளையெல்லாம் எண்ணாக்கி மக்கள் முன் வைக்கும் பெரிய முயற்சியை அமெரிக்கா செய்தது. 1987இல் ஒரு சீர்திருத்தச் சட்டம். அதற்கு முன் அந்நாட்டு இல்லங்களில் முதியோரைக் கட்டிலிலோ நாற்காலியிலோ கட்டிவைப்பது சர்வசாதாரணம். சட்டமும் கணக்கெடுப்பும் வந்த பிறகு அந்த வழக்கம் பெருமளவு ஒழிந்தது. 2008 டிசம்பரில் ஓட்டல்களைப் போல ஐந்து நட்சத்திரத் தர வரிசையே வந்தது. நேரடி ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, உடல்நல விளைவுகள் என்ற மூன்றையும் சேர்த்து நட்சத்திரம் கொடுத்தார்கள்.

இங்கேதான் அளவீட்டின் பழைய சாபம் வேலை செய்தது. ஓர் அளவை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பார்கள். பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி. பணியாளர் எண்ணிக்கையைத் தொடக்கத்தில் இல்லங்களே சொல்லிவந்தன. பிறகு சம்பளப் பட்டியலை வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். மறதி நோயாளிகளை அடக்கிவைக்க மனநோய் மருந்து கொடுக்கும் வழக்கத்தைக் குறைக்க அதையும் ஓர் அளவாக்கினார்கள். ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து தேவை என்பதால் அவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். சில இல்லங்களில் வயதான காலத்தில் திடீரென்று ‘மனச்சிதைவு’ நோயாளிகள் பெருகினார்கள். இளமையில் தலைகாட்டும் நோய் எண்பது வயதில் கூட்டங்கூட்டமாக வருவது விந்தை அல்லவா? 2023இல் அரசு இந்த நோய்ப் பதிவுகளைத் தணிக்கை செய்து, பொய் என்று கண்ட இடங்களில் நட்சத்திரத்தைப் பிடுங்கத் தொடங்கியது.

இதனால் எண்கள் வீண் என்று ஆகிவிடாது. எண்கள் பிடிப்பது பெரும்பாலும் தீங்கை: புண், வீழ்ச்சி, கட்டிவைத்தல், தேவையற்ற மருந்து. தீங்கு இல்லாத இடமெல்லாம் வாழத் தகுந்த இடமாகிவிடுவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில், சேஸ் மெமோரியல் முதியோர் இல்லத்துக்கு 1991இல் பொறுப்பேற்ற பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் இதைத்தான் கண்டார். விதிகளின்படி இல்லத்தில் குறையில்லை. ஆனால் தனிமை, கையாலாகாமை, சலிப்பு என்ற மூன்றும் அங்கிருந்தவர்களைத் தின்றுகொண்டிருந்தன. அவர் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகளை உள்ளே கொண்டுவந்தார். பேச்சை நிறுத்திவிட்டவர்கள் கிளிக்குப் பெயர் வைத்தார்கள். எழுந்து நடக்காதவர்கள் நாயை வெளியே கூட்டிப்போக முன்வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த இன்னோர் இல்லத்தைவிட அங்கே மருந்துச் சீட்டுகள் பாதியாகக் குறைந்தன.

இதில் மயங்கிவிடாமல் இருக்க இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் ஓர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களை விருந்தினராக அனுப்பினார். எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்ற முதியோரும், வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்திருந்தவர்களும் நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. பின்னர் தொடர்ந்து கவனித்தபோது அதிகம் தேறியிருந்த அவர்களே அதிகமாகச் சரிந்திருந்தார்கள். கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வது கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமையாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு வாங்கிய உற்சாகம் இரண்டாம் ஆண்டிலும் இருக்கிறதா என்பது தரத்தின் பிரிக்க முடியாத பகுதி.

நம் ஊருக்கு இதெல்லாம் இப்போது நேரடிப் பொருளுள்ள விஷயங்கள். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். கோவையைச் சுற்றி மட்டும் எத்தனையோ மூத்தோர் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஆதரவற்றோருக்கான இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. பணம் கொடுத்து வாங்கும் குடியிருப்புகளுக்காக 2019இல் ஒன்றிய அரசு மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சறுக்காத தரை, கைப்பிடி, அவசர அழைப்பு வசதி என அதில் பல உண்டு. ஆனால் ஒவ்வோர் இல்லத்திலும் எத்தனை பேருக்குப் படுக்கைப்புண், எத்தனை பணியாளர் என்று பொதுவில் வைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அளக்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான்.

அளப்பதற்கான கருவிகள் கையிலேயே இருக்கின்றன. ஞாயிறு மாலை, சொல்லாமல் போய்ப் பாருங்கள். திங்கள் காலை முன்னறிவிப்போடு போனால் நிர்வாகி காட்டுவதை மட்டும் பார்ப்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். ஓர் ஆயாவிடம் எத்தனை வருடமாக இங்கே வேலை என்று விசாரியுங்கள். அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். குளிக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார், கதவை உள்ளே தாழிட முடியுமா, நினைத்த நேரத்தில் ஒரு காபி போட்டுக் குடிக்க முடியுமா என்று அங்கே வசிப்பவர்களிடமே கேளுங்கள். ஒப்பந்தத்தில், மறதி நோய் வந்தாலோ படுத்த படுக்கையானாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறிடம் பார்க்கச் சொல்வார்களா என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். முடிந்தால் போகவிருப்பவர் பதினைந்து நாள் தங்கிப் பார்க்கட்டும்.

இதில் சிக்கலான கண்ணி ஒன்று பாக்கி. இல்லத்தைத் தேர்ந்தெடுப்பவரும் பணம் கட்டுபவரும் பெரும்பாலும் பிள்ளைகள், பலர் வெளிநாட்டில். அவர்கள் தேடுவது பாதுகாப்பு. நள்ளிரவில் கைப்பேசி அலறக் கூடாது என்ற கவலை நியாயமானது. வாழப்போகிறவர் தேடுவதோ வேறு: நடைப்பயிற்சிக்குத் தனியாகப் போவது, சர்க்கரை இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஒரு துண்டு மைசூர்பாகு, பிடிக்காத பஜனையிலிருந்து எழுந்து போகும் உரிமை. இல்லங்கள் வாடிக்கையாளரின் பயத்துக்கேற்ப வடிவெடுக்கின்றன. பிள்ளைகளின் பயம் பெரிதாக இருந்தால் கேமராவும் காவலும் கூடும், சாவியும் சமையலறையும் குறையும். அதனால் சேர்த்துவிட்ட பிறகும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் ‘சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா’ என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: “இந்த வாரம் நீங்களா முடிவு பண்ணிச் செஞ்சது என்னப்பா?” பதில் வரத் தயங்கினால், ஐந்து நட்சத்திரம் இருந்தாலும் அந்த இல்லத்தில் விசாரிக்க ஏதோ இருக்கிறது.